ஏழரைக் கிலோ சைக்கிளும் நான் தொடாத காப்பியும்

அல்-மீனா,
சனிக்கிழமை, காலைத் தொழுகைக்குப் பின்.

மதிப்பிற்குரிய அண்ணன் முனீர் அவர்களுக்கு, தம்பி ரஷாத் எழுதிக்கொள்வது. உங்களுக்கு அமைதியும் அருளும் உண்டாகட்டும். இங்கே நானும் நஜ்வாவும் கடைக்குட்டி வஸீமும் நலம், என் இரத்த அழுத்தம் நீங்கலாக. அங்கே ஸிட்னியில் நீங்களும் அண்ணியும், இங்கிருந்து ஒருவர் பின் ஒருவராக நீங்கள் அழைத்துக்கொண்டுபோன என் மூத்த மகன்கள் ஸியாதும் ரபீயும் நலமா? நலம் என்றுதான் எழுதுவீர்கள் என்று தெரியும். கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், அண்ணி பின்னாலிருந்து ஏதாவது சொல்வார், கேட்ட கேள்வி காற்றோடு போய்விடும். துறைமுகச் சுங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். எழுத்தில் கேட்டால்தான் எழுத்தில் பதில் வரும், எழுத்தில் வந்த பதிலைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க முடியும். ஆகையால் நேராகவே கேட்கிறேன். வஸீமையும் கூட்டிக்கொண்டுபோகத்தானே அந்தச் சைக்கிளை அனுப்பினீர்கள்?

கோபப்படாமல் படியுங்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து தட்டு இருந்தது. இப்போது மூன்று. மூன்று இரண்டானால் அப்புறம் மேசை எதற்கு, நானும் நஜ்வாவும் அடுப்படியிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுவிடலாம். உங்களையும் நான் அப்படியொன்றும் நம்பிவிடவில்லை. ஊருக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று மூன்று முறை சொன்னீர்கள். மூன்று முறையும் நான் மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். மூன்றாவது முறை நஜ்வா உங்களுக்குப் பிடிக்கும் என்று மல்லிகைத் தொட்டிகூட வாங்கி வைத்தாள். அந்த மல்லிகை இப்போது மூன்றாம் வீட்டுக் கூரைவரை ஏறிவிட்டது, நீங்கள் இன்னும் ஏறவில்லை. அன்றிலிருந்து உங்கள் வார்த்தையைப் பிரித்துச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெட்டி ஜூன் மாதம் வந்தது. மேலே ‘வஸீமுக்கு, பத்திரம்’ என்று உங்கள் கையெழுத்து. எதற்கு, என்ன காரணம், ஒன்றும் இல்லை. காரணம் எழுதாத பெட்டியை என் பணிக்காலத்தில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. பிரித்தால் உள்ளே சைக்கிள். ஒரு விரலால் தூக்கினேன், வந்துவிட்டது! உடனே கீழே மீன்கடை அபூ ஸலீமிடம் கொண்டுபோய் அவருடைய தராசில் தொங்கவிட்டேன். ஏழரைக் கிலோ. அபூ ஸலீம், “இதைவிட என் மச்சினனோட தலை கனம் ஜாஸ்தி” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவாக இருக்கிற பொருள் உள்ளே எதையோ மறைக்கிறது என்பது எங்கள் இலாகாவில் முதல் நாள் சொல்லித்தருவது. குழாயைத் தட்டினால் இரும்புச் சத்தம் இல்லை, அட்டைச் சத்தம். துளை போடும் கருவியை எடுத்து முனையைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது வஸீம் தான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தான். அவன் போட்ட கூச்சலில் அபூ ஸலீமின் பூனை மீனை விட்டுவிட்டு ஓடியது.

“பாபா! அது கார்பன்! ஓட்டை போட்டா செத்துடும்!”

“சைக்கிள் எப்படிடா சாகும்?”

“பெரியப்பா என்னைக் கொன்னுடுவார்!”

பெரியப்பா ஏன் கொல்ல வேண்டும்? அன்பளிப்பாகக் கொடுத்துவிட்ட பொருளுக்குக் கொடுத்தவர் ஏன் இவ்வளவு பதற வேண்டும்? இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பெட்டியின் அடியில் சின்னச் சின்னப் பொட்டலங்களும் இருந்தன, உள்ளே பசைபோல ஏதோ. ஒன்றைக் கிழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோதனை அதிகாரி அப்படித்தான் செய்ய வேண்டும். சைக்கிள்காரர்கள் களைப்புக்குச் சாப்பிடுகிற காப்பிச்சத்துப் பசை என்று வஸீம் பிறகுதான் சொன்னான். அன்று முழுவதும் என் இதயம் கல்யாண வீட்டுத் தப்பட்டைபோல அடித்தது, வீட்டின் அத்தனை ஜன்னலையும் நானே துடைத்தேன். நஜ்வா மட்டும், “இன்னொண்ணு இருந்தா நாளைக்குக் கொடு, பரண் பாக்கியிருக்கு” என்றாள்.

பிறகு அவன் ஓட்ட ஆரம்பித்தான். ஞாயிறுதோறும் விடிந்தவுடன் கிளம்புகிறான். உடுப்பைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம். நீங்களும் அறுபத்தெட்டு வயதில் அதே உடுப்போடு அங்கே கடலோரச் சாலையில் நிற்கிற படத்தை அனுப்பினீர்கள், நஜ்வா அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்காமல் உள்ளே இழுப்பறையில் வைத்தாள். மதியம் உப்புப் பூத்த முகத்தோடு வந்து நிற்பான்.

“எங்கேடா போனே?”

“சும்மா ஒரு சுத்து, பாபா.”

“எவ்வளவு தூரம்?”

“தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர்.”

சும்மா ஒருவன் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் போவானா அண்ணே? நாமும் சைக்கிள் ஓட்டியவர்கள்தாமே. கரையோரம் வாடகைச் சைக்கிளில் நீங்கள் மிதிக்க, நான் முன்கம்பியில் உட்கார்ந்து மணியடிப்பேன். கலங்கரை முனைவரை போவோம், வருவோம், ஒரு கையில் எலுமிச்சைச் சாறு. அதுதான் சும்மா ஒரு சுற்று.

அவன் குளிக்கும்போது சட்டைப் பையைச் சோதித்தேன். தவறு என்று சொல்லாதீர்கள், கடமை. ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் அவன் கையெழுத்தில்: ‘65 கடலோரம், போதும். 80 நடுவழி. 95 மலைச் சுற்று. முழங்கால் தாங்குமா? படி எத்தனை?’ அதைக் குறிப்பேட்டில் அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன். உங்கள் நாடு ஆட்களை எடுப்பது மதிப்பெண் போட்டு என்பது அல்-மீனாவில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு, கூட்டினால் அறுபத்தைந்து வந்தால் போதும். ரபீ போகிறபோது ஒரு மாதம் இந்தக் கணக்குத்தான் எங்கள் வீட்டில் சோறு. முழங்கால் என்றால் மருத்துவப் பரிசோதனை. படி என்றால் விண்ணப்பத்தில் இன்னும் எத்தனை படி பாக்கி என்று கேட்கிறான். என் பையன் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டான்! ரபீ எழுபதில்தான் போனான். அந்தப் பயத்திலும் மனதின் ஓர் ஓரத்தில், தொண்ணூற்றைந்தா, பரவாயில்லையே என்று தோன்றியதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு பின்தொடர்வது என்று முடிவு செய்தேன். நம் அப்பாவின் பழைய மெர்ஸிடிஸ் இன்னும் ஓடுகிறது, வலப்பக்கக் கதவு மட்டும் தானாகத் திறந்துகொள்ளும். அவன் கரையோரமாகத் தெற்கே திரும்பினான். நானும் இருநூறு அடி விட்டுப் பின்னால். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நம் ஊரில் பழைய மெர்ஸிடிஸ் சாலையோரமாக மெதுவாகப் போனால் அது பங்கு டாக்ஸி. கலமூன் போகிற திருப்பத்தில் ஓர் அம்மாள் பெரிய தட்டோடு கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, இது டாக்ஸி இல்லை.”

“அப்போ ஏன் இவ்வளவு மெதுவா போறே? கலமூன்ல இறக்கிவிடு. தட்டைச் சாய்க்காதே, எள்ளு ரொட்டி.”

அவர் இறங்குவதற்குள் ஒரு சிப்பாய் ஏறினான், அவன் பின்னாலேயே கூண்டில் இரண்டு கோழியோடு ஒருவர். அம்மாள் கலமூனில் இறங்கவும் இல்லை. காரணம், நான் முன்னால் போகிற சைக்கிளை முந்தாமல் போவதை அவர் கவனித்துவிட்டார்.

“ஏன்ப்பா அவனை முந்த மாட்டேங்கறே? யாரு அவன்? உன் பொண்ணைக் கெடுத்தவனா?”

“என் பையன்.”

“சொந்தப் பையனை எதுக்கு வேவு பாக்கறே?”

“நாட்டை விட்டுப் போகப் பாக்கறான்.”

“சைக்கிள்லயா?” என்றான் சிப்பாய்.

அன்ஃபே உப்பளம் வரும்போது காருக்குள் நான்கு பேர், நான்கு கட்சி. கோழிக்காரர், இது பெண் விவகாரம் என்றார். சிப்பாய், போகிறவன் போகட்டும், நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றான். அங்கே வஸீம் இடப்பக்கம் திரும்பி ஆலிவ் தோப்புகளுக்குள் மேலே ஏற ஆரம்பித்தான். அண்ணே, கவனியுங்கள். அவன் கடைசியில் போய்ச் சேர்ந்தது தின்னிய்யா மலை. அங்கே போக வேண்டியவன் ஊரிலிருந்து கிழக்கே நேராக ஏறினால் அதில் பாதித் தூரம்கூட இல்லை. இவன் தெற்கே கடலோரம் போய், உப்பளம் சுற்றி, கூரா வழியாக, ஸகர்த்தா வழியாக மலையேறுகிறான். நேர்வழி இருக்கும்போது சுற்றுவழி போகிறவன் கடத்தல்காரன். முப்பத்துநான்கு வருடத்தில் இதற்கு ஒரு விதிவிலக்குக்கூட நான் பார்த்ததில்லை.

ஸகர்த்தாவைத் தாண்டி ஒரு கொடும் ஏற்றம். என் மெர்ஸிடிஸே முனகியது. அவன் இருக்கையை விட்டு எழுந்து நின்று, இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து மிதித்தான். காருக்குள் கோழிகளைத் தவிர எல்லோரும் கத்தினார்கள். “ஏறு மவனே! விடாதே!” என்று அந்த அம்மாள் எள் ரொட்டியை ஆட்டினார். நானும் கத்தினேன் அண்ணே. வேவு பார்க்கிறவன் கத்தக்கூடாதுதான். அந்த நிமிஷம் அவனுடைய முதுகு அசல் உங்களுடைய முதுகு. முன்கம்பியிலிருந்து திரும்பிப் பார்த்தால் வேர்வையோடு தெரியும் அதே தோள். அப்போது பார்த்து ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

பயணிகள் இறங்கி அவரவர் வழி போனார்கள். அம்மாள் போகும்போது இரண்டு ரொட்டியைக் கொடுத்து, “உன் பையனைத் திட்டாதே” என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். நான் தண்ணீர்த் தகரத்தை எடுத்துக்கொண்டு மேலே கிராமத்துக்கு நடந்தேன். பைத்-ஸஃப்ரா என்று பெயர், முப்பது வீடு, சுற்றிலும் ஆப்பிள் தோப்பு. முதல் வளைவிலேயே பார்த்துவிட்டேன். வால்நட் மரத்தடியில் உங்கள் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் புதுக்கல் பதித்த இரண்டடுக்கு வீடு. மலைக்கிராமத்தில் புதுக்கல் என்றால் வெளிநாட்டுக் காசு, வெளிநாட்டுக் காசு என்றால் ஆள் அனுப்புகிற தரகன். சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு வாசலில் வஸீம் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறான், மறு நுனியை ஒரு பெண் பிடித்திருக்கிறாள். நிலைக்கதவின் அகலத்தை அளக்கிறார்கள். பெட்டிகள் வெளியே போகுமா என்று பார்க்கிறார்கள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெண்ணை உடந்தை என்று குறித்துக்கொண்டேன். மூன்றடி நிலையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அளந்தார்கள், அளந்ததையே திரும்ப அளந்தார்கள். தொழில் தெரியாதவர்கள்.

அவன் உள்ளே போனதும் அந்தப் பெண் நேராகச் சுவரை நோக்கி வந்தாள். தோட்டத்துக் குழாயை எடுத்து என் தகரத்தில் தண்ணீர் பிடித்தாள்.

“வண்டி சூடாயிடுச்சா மாமா? மூடியை உடனே திறக்காதீங்க, கொஞ்சம் ஆறட்டும்.”

அவ்வளவுதான். நீங்கள் யார், எந்த ஊர், சுவருக்குப் பின்னால் என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அதையும் எழுதி வைத்தேன்.

நேரில் போய்ச் சோதனை போடுவது என்று முடிவாயிற்று. சோதனைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது விதி. அபூ ஸலீமையும் நஜ்வாவின் தம்பி ஃபவ்வாஸையும் கூப்பிட்டேன். வியாழக்கிழமை, வஸீம் கடையில் இருக்கும் நேரம் பார்த்துக் கிளம்பினோம். ஓய்வு பெற்ற அன்று போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். என்ன ஆச்சரியம் என்றால் நஜ்வா அதற்கு முந்தின நாளே தேய்த்து வைத்திருந்தாள். அபூ ஸலீம் மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்து, கழுத்தில் டையும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கதவருகே நஜ்வா ஐந்து கிலோ பாலாடை இனிப்புப் பெட்டியை என் கையில் வைத்தாள்.

“இது எதுக்கு? நான் சண்டைக்குப் போறேன்.”

“சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோட போகக்கூடாது. சரி, அங்க காப்பி கொடுத்தா குடிப்பீங்களா?”

“என் வழக்கம் உனக்குத் தெரியாதா? சோதனை போடுற இடத்துல பச்சைத் தண்ணிகூடத் தொட மாட்டேன்.”

“அதான் கேட்டேன். தொடாதீங்க. அவரா ஒரு பதில் சொல்ற வரைக்கும் தொடவே தொடாதீங்க” என்று சொல்லி என் காலரைச் சரிசெய்தாள். இவ்வளவு புரிந்து நடக்கிற மனைவி கிடைத்தாளே என்று மலையேறும்வரை நினைத்துக்கொண்டே போனேன்.

தரகனின் பெயர் ஹாஜ் முர்ஷித். வெள்ளை மீசை, ஆப்பிள் பறித்துப் பறித்துத் தடித்த கை. எங்களைக் கண்டதும் ஒரு கேள்வி இல்லை, உள்ளே அழைத்து நடுக்கூடத்தில் உட்காரவைத்தார். உடனே ஒவ்வொருவராக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தம்பி என்றார், மச்சான் என்றார், மாமா மகன் என்றார். எட்டுப் பேர், எட்டுப் பேரும் மீசை. கும்பல் பெரிது என்று ஃபவ்வாஸின் காதில் சொன்னேன். காப்பி வந்தது. ஏலக்காய் மணத்தது. நான் கோப்பையை வாங்கி, ஒரு வாய்கூட வைக்காமல், எனக்கு முன்னால் முக்காலியில் வைத்தேன். எட்டு மீசையும் கோப்பையைப் பார்த்தன, அப்புறம் என்னைப் பார்த்தன. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“காப்பி ஆறுதே, அபூ ஸியாத்” என்றார் ஹாஜ் முர்ஷித், மெதுவாக. ஸியாதின் தகப்பன் என்று கூப்பிடுகிறான், என் மூத்த மகன் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்தேன்.

“ஆறட்டும். நான் எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“என் பையன் விஷயம்.”

“தெரியுங்க. மூணு மாசமாத் தெரியும்.”

“மூடி மறைச்சது போதும். இதுக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டணும்.”

ஹாஜ் முர்ஷித் தன் ஆட்களைப் பார்த்தார். “பாத்தீங்களா? கடற்கரைக்காரங்க சுத்தி வளைக்க மாட்டாங்க. நேராப் பேச்சு.” பிறகு என்னிடம், “உங்க பக்கம் நிபந்தனை ஏதாவது உண்டா?” என்றார்.

அங்கேதான் எனக்குக் குரல் உடைந்தது. “ஒரே நிபந்தனை. ரெண்டு பிள்ளைங்க போயாச்சு. இவன் இந்த நாட்டை விட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான். வேற எதுவும் எனக்கு வேண்டாம்.”

அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “இதை எப்படி உங்ககிட்ட கேக்கறதுன்னு நாங்க பத்து நாளா முழிச்சுக்கிட்டிருந்தோம். நீங்களே சொல்லிட்டீங்க. குடிங்க அபூ ஸியாத், காப்பியைக் குடிங்க. நீங்க கேட்டு வந்தது உங்களுக்குக் கிடைச்சாச்சு!”

எவ்வளவு சுலபமாகத் தரகன் மடங்கிவிட்டான்! ஒரே மடக்கில் குடித்தேன். இப்படி ஒரு காப்பியை நான் குடித்ததில்லை அண்ணே. உடனே எல்லோரும் உள்ளங்கையை விரித்து ஃபாத்திஹா ஓதினார்கள். இனி ஆள் அனுப்ப மாட்டோம் என்று இறைவன் முன் உறுதி சொல்கிறார்கள், நல்ல மனிதர்கள்தான் என்று நானும் உருகி உருகி ஓதினேன். முகத்தில் கையைத் தடவி முடிக்கவில்லை, உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆள் அனுப்பும் தொழிலை விட்டதற்கு யாராவது குலவையிடுவார்களா? நான் அபூ ஸலீமைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே இனிப்புப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு பேரு கோட்டுப் போட்டுக்கிட்டு வந்து, இனிப்பை வெச்சு, காப்பியைத் தொடாம உக்காந்தா என்ன அர்த்தம்? பொண்ணு கேக்கறதுதானே! உனக்கு வயசு அறுபத்திநாலு, இதுகூடவா தெரியாது?” என்று என் காதில் கிசுகிசுத்தார்.

தெரியும். யாருக்குத்தான் தெரியாது. ஆனால் நினைவு வந்தால்தானே? எனக்குப் பெண் கேட்கப் போனது அப்பாவும் நீங்களும், மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனீர்கள். ஸியாதுக்கும் ரபீக்கும் அங்கேயே நீங்கள்தான் போய்க் கேட்டீர்கள், எனக்குப் படம் வந்தது. என் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டு வாசலில் நான் போய் நின்றதே இல்லை. முதல் முறை நின்றபோது கைது செய்யப் போனவன்போல நின்றிருக்கிறேன்.

எழுந்து, ஐயா, தவறு நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அப்போது தட்டோடு அந்த நாடாக்காரப் பெண் வந்தாள். ஹனீன் என்று பெயர், கிராமத்து மருந்தகத்தில் வேலை. என் முன்னால் நின்று, “அன்னைக்குப் பிடிச்சுக் கொடுத்த தண்ணியையாவது வண்டிக்கு ஊத்துனீங்களா மாமா, இல்ல அதையும் தொடலையா?” என்றாள்.

“என்னை அப்பவே தெரியுமா?”

“சுவருக்கு மேல ரெண்டு காது தெரிஞ்சுது. வஸீம் காதேதான்.”

வாயை மூடிக்கொண்டேன். இப்படிப் பார்க்கிற கண் சுங்க இலாகாவில் பத்து வருடத்துக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். இவள் தோப்பை விட்டு, அப்பாவை விட்டு எங்கேயும் வரமாட்டாளாம். அவள் வராவிட்டால் அவனும் போக மாட்டான். நான் வந்த வேலை வேறு வாசல் வழியாக முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து வஸீமிடம் சொன்னபோது அவனுக்குப் புரையேறியது. அப்புறம் என் கையை முத்தமிட்டான், அதற்கு முன்னால் தன் அம்மாவின் கையை. வரிசையைக் கவனித்துக்கொண்டேன். ஏன் அம்மாவுக்கு முதலில் என்று இன்னும் தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் அண்ணே, உங்கள் திட்டம் தோற்றது. அனுப்பிய விண்ணப்பம் எதுவானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தொண்ணூற்றைந்து மதிப்பெண்ணையும் வேறு யாருக்காவது கொடுங்கள். சைக்கிளைத் திருப்பி அனுப்புகிறேன், துளை போடாமல். இனி என் பிள்ளைகள் யாருக்கும் உங்களிடமிருந்து ஒரு சைக்கிள் மணிகூட வர வேண்டாம். திரும்பி வருகிறேன் என்று இன்னொரு முறை தயவுசெய்து சொல்லாதீர்கள். வெள்ளையடிக்க என் தோளில் வலுவில்லை. நான்காவது முறை ஏமாற மனதிலும் வலுவில்லை.

அண்ணிக்கு என் மரியாதை. ஸியாதுக்கும் ரபீக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் முத்தம், நெற்றியில். இறைவன் உங்கள் ஆயுளை நீட்டட்டும், உங்கள் முழங்காலைக் குணமாக்கட்டும், உங்களை நேர்வழியில் நடத்தட்டும். முக்கியமாக, நேர்வழியில்.

தங்கள் தம்பி,
ரஷாத்,
சுங்க ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் நஜ்வாவுக்குப் படித்துக் காட்டினேன். துண்டுச் சீட்டு வந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் அளவு நாடா வரும்போது தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு வஸீம் வந்தான். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தான். அவன் சிரிக்கவில்லை. “பாபா, பெரியப்பாவுக்கு இதை அனுப்பாதீங்க” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். 65, 80, 95 எல்லாம் கிலோமீட்டராம். முழங்கால் உங்கள் முழங்காலாம். எந்த வழியில் நீங்கள் தினமும் ஓட்டலாம், எது ஆகாது என்று ஓட்டிப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னீர்களாம். சைக்கிளே உங்களுடையதாம், உங்களுக்கு முன்னால் வந்துவிட்டதாம். நம் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி, அதனால் படியில்லாத கீழ்வீடு ஒன்றைப் பார்க்கச் சொன்னீர்களாம், அதைத் தேடிப் போன இடத்தில்தான் நாடாவின் மறு நுனியை ஹனீன் பிடித்தாளாம். நிலைக்கதவை அளந்தது அண்ணியின் அலமாரி உள்ளே போகுமா என்று பார்க்க. வெளியே போக அல்ல. நஜ்வாவுக்கு எல்லாம் தெரியும். மலை வீட்டுக்காரர்கள் எங்களை எதிர்பார்த்திருந்ததற்கும் அவள்தான் காரணம், முந்தின நாளே போன் செய்திருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே இருந்ததை விட்டுவிட்டு நான் உப்பளம்வரை போயிருக்கிறேன்.

என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “விமானம் ஏறுற வரைக்கும் ரஷாத்துக்குத் தெரிய வேண்டாம், நாலாவது தடவையும் நான் வராமப்போனா அவன் தாங்க மாட்டான்னு பெரியப்பா அழுதார்” என்றான். வரும் வியாழன் மாலை ஐந்து மணி விமானம் என்று சீட்டைக் காட்டினான். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அசல்தான்.

குளிருக்கு மலை உங்களுக்கு ஆகாது, நவம்பரில் கீழே வந்துவிடுங்கள், படிக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டுவைக்கிறேன். சைக்கிளுக்கு முன்கம்பி இருக்கிறது, அளந்து பார்த்தேன். நான் எண்பத்திரண்டு கிலோ, அது தாங்குமா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.

நீங்கள் இறங்கி வந்து என் முன்னால் நிற்கும்வரை இதில் எதையும் நான் நம்பப் போவதில்லை. ஆனால் வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டேன், இந்தத் தாளில் இருக்கிற சுண்ணாம்புக் கறை அதுதான். கடிதத்தையும் வஸீம் சொன்னதைக் கேட்காமல் இன்றைக்கே பதிவுத் தபாலில் போடுகிறேன். இது ஸிட்னி போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். நம் தெருவிலிருந்து ஐம்பது வருடமாக அந்தப் பக்கம் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது, ஒவ்வொன்றையும் யாராவது அங்கே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த ஒரு கடிதமாவது, பெயருக்கு உரியவர் இந்த முகவரியில் இல்லை, ஊருக்குப் போய்விட்டார் என்று முத்திரை குத்தித் திரும்பி வரட்டும். தபால்காரர் வரும்போது நாம் இருவருமே வாசலில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கலாம்.